வாத்துக்குஞ்சு காட்டும் வாத்தியார்

கெட்ட செய்தியைப் பஞ்சில் சுற்றித் தருகிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. பொய் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். இவர்களிடம் அது கிடையாது. உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல வந்தவர், மழை இந்த வருஷம் எவ்வளவு நன்றாகப் பெய்கிறது என்று தொடங்கி, காற்றும் வெளிச்சமும் புழங்குகிற வீடுதான் உடம்புக்கு நல்லது என்று தொடர்ந்து, மனிதன் எத்தனையோ காலம் கூரை இல்லாமலே வாழ்ந்தவன்தானே என்று ஒரு சுற்றுச் சுற்றி விஷயத்துக்கு வந்து சேரும்போது உங்கள் கட்டில் நனைந்திருக்கும். மருத்துவமனை வராந்தாக்களில் இவர்களைப் பார்க்கலாம். ஆளைக் குறைக்கிற அலுவலகங்களில் இவர்களுக்கென்றே தனி அறை உண்டு. ஆனால் இந்த இனத்தை முழு வளர்ச்சியில் பார்க்க வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பஞ்சு சார். அது அவருக்குத் தெரியும். அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார். எதையும் அப்படி எடுத்துக்கொள்வதுதான் அவர் சுபாவம்.

வீட்டிலும் அவர் இப்படித்தான். மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த அன்று, அந்தச் செய்தி முதலில் இவர் கைபேசிக்குத்தான் வந்தது. கேட்டு முடித்துவிட்டு அடுக்களைக்குப் போனவர், மனைவியிடம் நீ வைக்கிற குழம்புக்கு ஈடே கிடையாது என்று சொன்னார். அந்த அம்மாள் அடுப்பை அணைத்தாள், கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். இல்லறம் என்பது ஒருவர் மொழியை இன்னொருவர் படிப்பதுதான் என்றால், அந்த அம்மாள் அதில் முனைவர் பட்டமே வாங்கியிருந்தாள்.

காலநிலை மாற்றம் என்கிற பாடம் பஞ்சு சார் கைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய வருஷம் அதை வேதியியல் ஆசிரியர் நடத்தினார். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இடி சார். அவர் அஞ்சாதவர் என்பதைவிட, அடுத்தவர் அஞ்சுவதைப் பார்த்து அயராதவர் என்பது சரியாக இருக்கும். முதல் வகுப்பிலேயே விளக்கை அணைத்து, திரையில் எரிகிற காட்டைப் போட்டு, இதெல்லாம் உங்கள் தலையில்தான் விடியப்போகிறது என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் டீ குடிக்கப் போய்விடுவார். பலன் வீடுகளில் தெரிந்தது. ஒரு பையன் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டான். எப்படியும் போகப்போகிற உலகத்தில் பல் மட்டும் எதற்கு என்று கேட்டானாம். ஒரு பெண் வீட்டிலிருந்த குடம், அண்டா, பூச்சாடி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, யாரையும் கிட்டே விடாமல் காவல் இருந்தாள். பெற்றோர்கள் திரண்டு வந்து தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளைகளைப் பயமுறுத்தாமல், மனம் ஒடிந்துபோகாமல் நடத்தக்கூடிய ஆள் ஒருவர் வேண்டும் என்று ஆயிற்று.

பயமுறுத்தாத ஆள் என்றால் யார்? பள்ளி முழுக்க ஒரே குரலில் ஒரே பெயரைச் சொன்னது.

பஞ்சு சாருக்கு அன்று வந்த சந்தோஷத்தை அளந்து சொல்ல முடியாது. ஆற்றுப்படுகைகளையும் மண்வகைகளையும் சமஉயரக் கோடுகளையும் கொட்டாவிகளுக்கு நடுவே நடத்தி நடத்தி அலுத்துப்போயிருந்த மனிதர், நிஜமாகவே முக்கியமான ஒன்றைச் சொல்லித்தர இப்போதுதான் அழைக்கப்பட்டிருந்தார். அந்தப் பாடத்தை அவர் உயிராக நினைத்தார். விஞ்ஞானிகளின் அறிக்கைகளை ஆசிரியர் அறையின் மூலையில் உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்க முகம் வெளுத்தது. யாராவது உள்ளே வந்தால் அறிக்கையைப் பரீட்சைத் தாள்களுக்கு அடியில் தள்ளிவிட்டு, இன்று காற்று நன்றாக வீசுகிறது என்பார். பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து, படித்ததை வகுப்புக்கு ஏற்றபடி பக்குவப்படுத்துவார்.

பக்குவம் என்பது இதுதான். ஒரு கெட்ட செய்தி சொன்னால், உடனே அடுத்த ஸ்லைடில் ஒரு குட்டி விலங்கு வரும். பனிப்பாறை உருகுகிறது, அடுத்து கண்ணை மூடித் தூங்குகிற சீல் குட்டி. காடு எரிகிறது, அடுத்து இலை கடிக்கிற முயல் குட்டி. கடல் மட்டம் உயர்கிறது. அடுத்து வரிசையாக நடக்கிற வாத்துக்குஞ்சுகள், கடைசிக் குஞ்சு தடுக்கி விழுந்து எழுவது உட்பட. சொற்களுக்கும் இதே வைத்தியம் நடந்தது. வெள்ளம் அவர் வாயில் 'நீர்வரவு' ஆயிற்று. வெப்ப அலை 'கூடுதல் கதகதப்பு' ஆயிற்று. ஓர் உயிரினம் அழிந்துபோவதில்லை. 'விடைபெறுகிறது', ஏதோ ரயில் ஏறிப் போவது போல. ஒரே ஒரு ஸ்லைடை மட்டும் அவரால் எப்படியும் பக்குவப்படுத்த முடியவில்லை. வரும் காலத்து வெப்பநிலையைக் காட்டும் வரைபடம் அது. அதை நீக்கவும் மனம் வரவில்லை, நிறுத்திக் காட்டவும் தைரியம் வரவில்லை. ஆகவே பேருந்தில் போகிறவர் ஜன்னல் வழியாகக் கடன்காரனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல, அந்த இடம் வந்ததும் விரல் தானாகவே விசையைத் தட்டி அடுத்ததற்குத் தாவிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மங்கள வாக்கியம்: "யாரும் கவலைப்படாதீங்கப்பா." யாரும் அதுவரை கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அதைக் கேட்டதும் கவலைப்படத் தொடங்குவார்கள்.

பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. இந்த இனத்தவர் மறந்துபோகிற முதல் விஷயம் அது. இரண்டே வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு முழுக்க ஒரு புதிய இலக்கணத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது: குட்டி வந்தால் ஏதோ ஒன்று போய்விட்டது என்று பொருள். குட்டி எவ்வளவு அழகோ, போனது அவ்வளவு பெரியது. உயிரியல் ஆசிரியை ஒருநாள் பறவைகளின் வளர்ச்சி பற்றி நடத்த ஒரு வாத்துக்குஞ்சின் படத்தைத் திரையில் போட்டார். வகுப்பு உறைந்துபோயிற்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது: "எவ்ளோ மோசம், மேடம்?"

அந்த ஆசிரியை இதைத் தலைமையாசிரியையிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அவர் அதிகம் பேசாதவர். தாளில் குறிப்பு எழுதுவதைப் போலச் சுருக்கமாகத்தான் பேசவும் செய்வார். அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. அந்த வகுப்பில் யாரும் கேள்வியே கேட்பதில்லை என்று அவர் காதுக்கு எட்டியிருந்தது. கேள்வி இல்லாத வகுப்பு ஒன்று தூங்குகிறது, அல்லது எதையோ மறைக்கிறது என்பது அவர் கொள்கை. பஞ்சு சாரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து பின்னால் உட்காரப்போவதாகச் சொன்னார். பிள்ளைகள் மனம்விட்டு ஒரு கேள்வியாவது கேட்கிறார்களா என்று பார்ப்பாராம். இல்லையென்றால் பாடம் திரும்பவும் வேதியியல் ஆசிரியருக்கே. அவரிடம் பேசியாகிவிட்டது, அவரும் தயார்.

தயார் என்றால் எப்படித் தயார்? அன்று மதியமே இடி சார் ஆசிரியர் அறையில், காடு எரிகிற படத்தை முன்பைவிடத் தெளிவாகப் பெரிதுபடுத்திக்கொண்டிருந்தார்.

பஞ்சு சார் அதைப் பார்த்துவிட்டுக் கதவருகிலிருந்தே திரும்பிவிட்டார். தன் பெருமை போவது ஒருபுறம். அந்தக் கவலை அவருக்கும் இருந்தது, இல்லை என்று சொன்னால் அவரைப் பஞ்சில் சுற்றியதாகிவிடும். ஆனால் பல் தேய்க்காத அந்தப் பையனும், தண்ணீருக்குக் காவல் இருந்த அந்தப் பெண்ணும் அவர் கண்ணிலேயே நின்றார்கள். தான் விலகினால் இந்தப் பிள்ளைகள் கதி என்ன? தான் சுற்றிய பஞ்சுதான் அவர்களைக் காப்பாற்றுகிறது என்று அவர் மனதார நம்பினார். ஒருவரிடமிருந்து உண்மையை மறைக்க வேண்டுமானால், அந்த உண்மையைவிட அவர் சின்னவர் என்று முதலில் நாம் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுத்ததே பஞ்சு சாருக்கு ஞாபகம் இல்லை. அன்பு என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

வியாழக்கிழமை வகுப்பில் கெஞ்சாத குறைதான். நாளைக்கு மேடம் வருகிறார்கள், யாராவது ஏதாவது கேளுங்கள், கஷ்டமான கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். 'கஷ்டமான' என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கை அத்தனை பேரும் பார்த்தார்கள். சரிங்க சார் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரே குரலைக் கேட்டு அவருக்கு நிம்மதி பிறந்தது. பிறந்திருக்கக் கூடாது.

வெள்ளி வந்தது. தலைமையாசிரியை கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பஞ்சு சார் நடத்தினார். நீர்வரவு வந்தது, கதகதப்பு வந்தது, இரண்டு வகைத் தவளைகள் விடைபெற்றன, ஒரு பூனைக்குட்டி நூல்கண்டோடு விளையாடியது. வரைபடம் கண் இமைக்கும் நேரத்தில் வந்து போயிற்று. முடித்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

வகுப்பு முழுதும் ஒரு நெட்டைப் பையன் பக்கம் திரும்பியது. அவன் எழுந்தான். உதடு அசைந்தது. மனப்பாடம் செய்து வந்தது ஏதோ இருந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்ததும் அது போய்விட்டது.

"சார்... வாத்துக்குஞ்சு என்ன சாப்பிடும்?"

தலைமையாசிரியை கண்ணை மூடித் திறந்தார். பஞ்சு சார், பழக்க தோஷத்தால், நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் தலைமையாசிரியை பொறுக்கவில்லை. எழுந்து முன்னால் வந்து, இரண்டாம் பெஞ்சில் இருந்த வகுப்புத் தலைவியிடம் நேராகவே கேட்டார்: இந்தப் பாடத்தில் உங்களுக்குச் சந்தேகமே இல்லையா? இருக்கிறது என்றாள் அந்தப் பெண். நிறைய இருக்கிறதா? நிறைய. அப்படியென்றால் ஏன் கேட்பதில்லை?

அவள் பஞ்சு சாரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"கேட்டா சார் தாங்க மாட்டாரு, மேடம்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. தொடக்கத்தில் ஒரு நாள், மூன்றாம் பெஞ்சுப் பையன் ஒருவன், தன் மாமா வீடு கடற்கரையில் இருக்கிறது, அது இருக்குமா போய்விடுமா என்று கேட்டானாம். சார் பதில் சொல்லாமல் அடுத்தடுத்து மூன்று குட்டிகளைக் காட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க வெளியே போனாராம். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்ததாம். அன்றே சைக்கிள் கொட்டகையில் கூடிப் பேசி முடிவு எடுத்தார்களாம்: சாரிடம் இனிமேல் எதுவும் கேட்கக் கூடாது. தெரிய வேண்டியதை அவர்களே தேடிப் படித்துக்கொண்டார்கள். மதிய இடைவேளையில் அதே கொட்டகையில் விவாதித்துக்கொண்டார்கள். வகுப்பில் தலையாட்டினார்கள். எதிர்கால உலகத்தை வரைந்து வாருங்கள் என்று சார் சொன்னபோது, எல்லோரும் காற்றாலையும் சிரிக்கிற சூரியனும் போட்டார்கள், அதைப் பார்த்தால் அவர் முகம் மலர்கிறது என்பதற்காக. இன்று கேட்க ஒரு சுலபமான கேள்வியைத் தயார் செய்தவர்களும் அவர்கள்தான், நெட்டையன் கெடுத்துவிட்டான்.

சுருக்கமாகச் சொன்னால், காலநிலை மாற்றத்தை மனம் ஒடியாமல் ஒருவருக்கு எப்படிச் சொல்வது என்கிற கலையை அந்த வகுப்பறையில் உண்மையிலேயே கற்றுத் தேர்ந்திருந்தவர்கள் பிள்ளைகள். மாணவர் ஒரே ஒருவர். அவர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு முதலில் தோன்றியது, இதற்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது என்பதுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். பதற்றத்தில் விரல் விசையில் பட்டு, திரையில் ஒரு யானைக்குட்டி வந்து நின்றது. முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

வகுப்புத் தலைவி உட்காரவில்லை. பேசத் தொடங்கிவிட்டதால் முடித்துவிடலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? எங்களால தாங்க முடியாதுன்னு மறைக்கறீங்களா, இல்ல உங்களுக்கே பயமா இருக்கா?"

பஞ்சு சார் ப்ரொஜெக்டரை அணைத்தார். அதன் சின்ன விசிறி சுழன்று நிற்பதற்குள் அவர் எத்தனை நல்ல வாக்கியங்களை எடுத்து எடுத்துக் கீழே போட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"ரெண்டாவதுதான்மா" என்றார்.

இந்த இடத்தில் ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது, பிள்ளைகள் முகத்தில் நம்பிக்கை பூத்தது என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி எதுவும் நடக்கவில்லை. வந்தது நம்பிக்கை இல்லை, எரிச்சல். அப்படியென்றால் இத்தனை நாள் எதற்கு இத்தனை முயல் என்று ஒருத்தி கேட்டாள். நீங்கள் தாண்டித் தாண்டிப் போனீர்களே ஒரு படம், அதில் மேலே போகிற கோடு ஒன்றும் கீழே வளைகிற கோடு ஒன்றும் இருந்ததே, எந்தக் கோட்டில் போவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று இன்னொருவன் கேட்டான். முடிவு செய்பவர்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று மற்றொருவன் கேட்டான். பயந்தவன் போர்வையைத் தேடுவான். எரிச்சல் பட்டவன் விலாசத்தைக் கேட்பான். பஞ்சு சார் சிலவற்றுக்குப் பதில் சொன்னார். அந்தக் கோடுகள் இன்னும் யாரும் போகாத பாதைகள், நாம் எவ்வளவு எரிக்கிறோமோ அதைப் பொறுத்து மாறும், எதுவும் எழுதி முடிந்துவிடவில்லை என்றார். சிலவற்றுக்குத் தெரியாது என்றார். 'தெரியாது' என்கிற சொல்லை அவர் அந்தக் கட்டிடத்துக்குள் உச்சரித்தது அதுவே முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை.

மூன்றாம் பெஞ்சுப் பையன் மறுபடியும் எழுந்தான். அதே கேள்வி. மாமா வீடு.

பஞ்சு சார் வாத்துக்குஞ்சைத் தேடவில்லை. அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்த சமஉயரக் கோட்டு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். வருஷக்கணக்காக எந்தக் கோடுகளைப் பார்த்து வகுப்பு கொட்டாவி விட்டதோ, அதே கோடுகளின் மேல் இப்போது தலையும் தலையும் முட்டிக்கொண்டன. பையன் மாமாவின் தெருவைக் காட்டினான். விரல் வைத்து உயரத்தைப் படித்தார்கள். தாழ்வான இடம்தான். பக்கத்திலேயே கொஞ்சம் மேடும் இருந்தது. நாளைக்கே முழுகிவிடாது, ஆனால் உன் மாமா அங்கே மாடி கட்ட நினைத்தால் ஒரு தடவைக்கு நாலு தடவை யோசிக்க வேண்டும், இதை அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும் என்றார் பஞ்சு சார்.

"எப்படி சார் சொல்றது?" என்றான் பையன்.

வகுப்பே அவரைப் பார்த்தது.

"என்னைத் தவிர வேற யாரையாவது கேளுடா" என்றார்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

தலைமையாசிரியை வாசலில் ஒரு கணம் நின்றார். பாராட்டுவதென்றால் அவருக்குப் பல் பிடுங்குவது மாதிரி. பாடம் உங்களிடமே இருக்கட்டும் என்றார். போகிற போக்கில், வேதியியல் ஆசிரியரிடம் அவருக்கே தருவதாக ஏறக்குறைய சொல்லிவிட்டேன், இல்லை என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சேர்த்துக்கொண்டார். அவரும் மனுஷிதானே.

பஞ்சு சார் ஆசிரியர் அறைக்குப் போனார். நேராகச் சொல்லிவிட வேண்டும், நாலே வார்த்தைதான் என்று படியேறும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டார். இன்று ஒரு வகுப்புக்கு முன்னால் நின்று சொன்னதைவிடவா இது கஷ்டம்? உள்ளே இடி சார் நெருப்புக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். பஞ்சு சார் எதிரில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சார், உங்க சட்டை ரொம்ப நல்லா இருக்கு."

இடி சாரின் கையிலிருந்த டீ தளும்பி விசைப்பலகையில் கொட்டியது. உலகமே பற்றி எரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிய அந்த மனிதர், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குரல் நடுங்கக் கேட்டார்: "வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?"

ஆக, இனம் அத்தனை சீக்கிரம் மாறுவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நன்றாகப் போனால், ஒரு வெள்ளிக்கிழமை நன்றாகப் போயிற்று என்றுதான் பொருள்.

இதைப் படித்துச் சிரித்தீர்களா? நல்லது. இந்த இனத்துக்கு வெளி அடையாளம் எதுவும் கிடையாது. அவர்கள் தங்களை மென்மையானவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். பிறர் மனம் நோகக் கூடாது என்பார்கள். அதை ஒரு தியாகம் போலச் சொல்வார்கள். பிறர் முகம் வாடுவதைப் பார்க்கிற தைரியம் தமக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று இப்போதே முடிவு செய்துவிட வேண்டாம். சுலபமான சோதனை ஒன்று உண்டு. இன்று மாலை வீட்டுக்குப் போங்கள். அடுத்த அறையில் உங்கள் பிள்ளைகள் தாழ்ந்த குரலில் ஏதோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். பேச்சு நின்றுவிடுகிறது. என்ன விஷயம் என்று கேட்கிறீர்கள். அவர்களில் மூத்தது எழுந்து வந்து, உங்கள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, இதுவரை இல்லாத கனிவோடு உங்களைப் பார்த்து, "ஒண்ணுமில்லப்பா, நீங்க உக்காருங்க" என்று சொல்கிறது.

உட்கார்ந்துவிடாதீர்கள்.